ரெண்டு பிள்ளையையும் பறிகொடுத்த நர்ஸம்மா: மேரி பிரெக்கின்ரிட்ஜ் நினைவா ஒரு இழை

சப்சென்டர் மகள்:
எல்லாருக்கும் வணக்கம். மே 12 வந்தா நைட்டிங்கேல் அம்மா படத்துக்கு மாலை போட்டு விளக்கேத்தி உறுதிமொழி எடுக்குறோம், எங்க நர்சிங் ஸ்கூல்லயும் அப்படித்தான், நான் அங்க டியூட்டர். அதுக்கு நாலு நாள் கழிச்சு மே 16ம் தேதி இன்னொரு நர்ஸம்மா இறந்த நாள் வருது. அது யாருக்கும் ஞாபகம் இருக்கறதில்ல. அவங்க பேர் மேரி பிரெக்கின்ரிட்ஜ், 1965ல அமெரிக்காவுல கென்டக்கி மலைப்பக்கம் இறந்தாங்க. மிட்வைஃபரி, அதாவது பிரசவம் பாக்கற பாடத்துல ஒரே ஒரு வரியில பேர் வரும், பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு மறந்துடுவோம். நானும் அப்படித்தான் மறந்தேன். போன வருஷம் எங்க அம்மா போனதுக்கப்புறம் ராத்திரி தூக்கம் வராம படிச்சப்பதான் இவங்க யாருன்னே எனக்கு முழுசா புரிஞ்சுது.

பிறந்தது 1881, மெம்ஃபிஸ் ஊர்ல. தாத்தா அமெரிக்காவோட துணை ஜனாதிபதியா இருந்தவர். அப்பா அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர், அப்புறம் ரஷ்யாவுக்கு அமெரிக்கத் தூதரா போனவர், அதனால பொண்ணு சின்ன வயசுலயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருந்திருக்கு, சுவிட்சர்லாந்துல படிச்சிருக்கு. அந்தக் காலத்துல பெரிய வீட்டுப் பொண்ணுன்னா படிக்க வைப்பாங்க, ஆனா அந்தப் படிப்ப வச்சு ஒரு வேலைக்குப் போறேன்னா வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க. 1904ல கல்யாணம். 1906ல புருஷன் தவறிட்டாரு. வயசு 25. நம்ம ஊரா இருந்தா அதோட ஒரு மூலையில உட்கார வச்சிருப்பாங்க, இவங்க நியூயார்க் போய் செயின்ட் லூக்ஸ் ஆஸ்பத்திரியில நர்சிங் சேந்து 1910ல முடிச்சாங்க.

அப்புறம் 1912ல ரெண்டாவது கல்யாணம், அவரு ஆர்கன்சாஸ்ல ஒரு பெண்கள் கல்லூரியோட தலைவர், இவங்களும் அங்கயே ஃபிரெஞ்சும் சுகாதாரமும் சொல்லிக் கொடுத்தாங்க. 1914ல ஒரு பையன். செல்லமா பிரெக்கின்னு கூப்பிடுவாங்க. 1916ல ஒரு பொண்ணு குறைமாசத்துல பிறந்து சில மணி நேரத்துலயே போயிடுச்சு. 1918 ஜனவரியில பையனும் திடீர்னு நோய் வந்து போயிட்டான், நாலு வயசு முடிஞ்சு சில நாள்தான் ஆகியிருந்துச்சு. நர்சிங் படிச்ச அம்மா. பக்கத்துலயே இருந்தும் ஒண்ணும் பண்ண முடியல. 1920ல விவாகரத்து ஆகி மறுபடி தன் பிறந்த வீட்டுப் பேருக்கே திரும்பிட்டாங்க.

இதுவரைக்கும் கேட்டா ஒரு சோகக் கதை. இதுக்கு அப்புறம் அவங்க செஞ்சதுதான் நான் பேச வந்தது. நேரம் கிடைக்கறப்ப தொடர்ந்து எழுதறேன், யாருக்காவது தெரிஞ்சா நீங்களும் சொல்லுங்க.

கண்ணாடி சிரிஞ்ச்:
எழுதும்மா. நான் 34 வருஷம் சர்வீஸ் போட்டு ரிட்டயர் ஆனவ, அதுல பாதிக்கு மேல லேபர் வார்டு. குழந்தை தங்காத தாயோட கட்டில எங்க போடறதுன்னு தெரியாம நாங்க தவிப்போம், ஏன்னா பக்கத்து கட்டில்ல எல்லாம் பிள்ளை அழுதுட்டு இருக்கும், இவளுக்கு பால் கட்டி நெஞ்சு கல்லா இருக்கும், துணிய இறுக்கிக் கட்டி விடுவோம், அவ ஒரு வார்த்தை பேச மாட்டா. அடுத்த வருஷம் பெத்துக்கலாம்மான்னு அப்ப நாங்க சொல்லுவோம். அது எவ்வளவு கொடுமையான வார்த்தைன்னு எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது. அந்தம்மாகிட்டயும் யாராவது சொல்லியிருப்பாங்க. என்ன பண்ணினாங்கன்னு சொல்லு.

சப்சென்டர் மகள்:
நன்றி சிஸ்டர். நீங்க சொன்ன அந்த கட்டில் விஷயம் எங்க அம்மாவும் சொல்லியிருக்காங்க.

மகன் போன அதே 1918ல உலகம் பூரா விஷக்காய்ச்சல் வந்துச்சே, அந்த நேரத்துல வாஷிங்டன்ல ஏழை ஜனங்க இருந்த பகுதியில நர்ஸா போய் நின்னாங்க. முதல் உலகப் போர் முடிஞ்சதும் ஃபிரான்ஸ். ஆன் மோர்கன்னு ஒரு பணக்காரப் பெண்மணி அழிஞ்சு போன கிராமங்களுக்காக ஒரு அமைப்பு நடத்துனாங்க, அதுல சேந்து வீக்-சூர்-ஏன்னு ஒரு ஊர்ல குழந்தைங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேலை. குழந்தைங்களுக்குப் பால் இல்ல, மாடெல்லாம் போர்ல போயிடுச்சு. இவங்க வீட்டுக்கு லெட்டர் போட்டு, பணம் திரட்டி ஆடு வாங்கிக் கொடுத்தாங்க. மருந்து எழுதறதுக்கு முன்னாடி பாலுக்கு வழி பண்ணின புத்திய நான் என் பசங்களுக்கு கிளாஸ்ல எப்பவும் சொல்லுவேன்.

அங்கதான் பிரிட்டிஷ் நர்ஸ்கள பாக்குறாங்க. அவங்க நர்சாவும் இருக்காங்க, அதோட பிரசவம் பாக்கத் தனியா பயிற்சி எடுத்தவங்களாவும் இருக்காங்க. அமெரிக்காவுல அப்படி ஒரு ஆளே கிடையாது. நர்ஸ் இருந்தா பிரசவம் பாக்கத் தெரியாது, மருத்துவச்சிக்கு நர்சிங் தெரியாது, டாக்டர் டவுன்ல இருப்பாரு. நடுவுல தாயும் பிள்ளையும் சாகுறாங்க. இது ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட சேத்தா என்னன்னு அங்கதான் அவங்களுக்குத் தோணியிருக்கு.

உடனே ஆரம்பிச்சிடல. 1923 கோடையில கென்டக்கி மலையில குதிரை மேல போய் வீடு வீடா சர்வே எடுத்தாங்க, ஊர்ல பிரசவம் பாத்துட்டிருந்த 53 கிழவிகள தேடிப் போய்ப் பேசினாங்க. அப்புறம் லண்டன்ல வூல்விச் பக்கம் தாய் சேய் ஆஸ்பத்திரி ஒண்ணுல மறுபடியும் மாணவியா உட்காந்து மிட்வைஃபரி படிச்சாங்க. நாப்பது தாண்டின வயசு! சின்னப் பொண்ணுங்களோட சேந்து ராத்திரி டூட்டி. அப்புறம் ஸ்காட்லாந்துக்கு மேற்க இருக்கற தீவுகளுக்குப் போய், டாக்டர் கிட்ட இல்லாத இடத்துல நர்ஸ்கள எப்படிப் பரப்பி வச்சிருக்காங்கன்னு பாத்துட்டுதான் ஊர் திரும்புனாங்க. 1925 மே மாசம் இந்த வேலைக்குன்னு ஒரு கமிட்டி ஆரம்பம், அது 1928ல ஃபிரான்டியர் நர்சிங் சர்வீஸ்னு பேர் மாறுச்சு. கென்டக்கியில லெஸ்லி கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி), அதுல ஹைடன்னு ஒரு ஊர். மோட்டார் போற ரோடே கிடையாது, ஆறும் ஓடையும்தான் பாதை.

நெல்லை பாண்டி:
அக்கா நான் இந்தத் துறை ஆள் இல்ல, லாரி புக்கிங் ஆபீஸ் வச்சிருக்கேன். ஆனா வாசிக்க ஆரம்பிச்சதும் நிறுத்த முடியல. ரெண்டு சந்தேகம். ரோடு இல்லாத மலையில ஒரு பொம்பள ஆள் ராத்திரி பிரசவத்துக்கு எப்படிப் போவாங்க, பயம் இருக்காதா? அப்புறம் காசு யாரு கொடுத்தா? மலையில இருக்கறவன் கையில என்ன இருக்கப் போகுது?

சப்சென்டர் மகள்:
பாண்டி அண்ணே, குதிரைதான். வெள்ளம் வந்தா ஆத்துல குதிரையோட இறங்கணும், பனி பெஞ்சா பாறை வழுக்கும். 1931ல மேரியே குதிரையிலேர்ந்து விழுந்து முதுகெலும்பு உடைஞ்சு போச்சு. கூட்டத்துல அவங்க சொல்லிக்கிட்டிருந்த வாக்கு இதுதான்: நர்ஸ கூப்பிட அப்பன் வந்து சேர முடிஞ்சா, நர்ஸும் தாய்கிட்ட போய்ச் சேர முடியும். யோசிச்சுப் பாருங்க, எப்படியும் பொண்டாட்டிக்கு வலி எடுத்தா புருஷன் மலை இறங்கி ஓடி வந்து கதவத் தட்டுவான்ல, அவன் வந்த வழியிலயே இவங்க கிளம்பிடணும்.

மொத்தம் 700 சதுர மைல். நடுவுல ஹைடன்ல சின்ன ஆஸ்பத்திரி, சுத்தியும் சின்னச் சின்ன நர்சிங் சென்டர், ஒவ்வொரு சென்டர்லயும் ரெண்டு நர்ஸ், சுத்துவட்டாரம் அஞ்சு மைல் அவங்க பொறுப்பு. எங்க அம்மா நர்ஸா இருந்த சப்சென்டர் (கிராமத்துத் துணை சுகாதார நிலையம்) மாதிரியே இருக்கேன்னு இந்த இடத்துல எனக்கு நெஞ்சு அடைச்சுடுச்சு. நம்ம ஊர்ல சமவெளின்னா 5,000 பேருக்கு ஒரு சப்சென்டர், மலைன்னா 3,000 பேருக்கு ஒண்ணு, அது என்னவோ சர்க்கார் கணக்குன்னு நினைச்சுட்டிருந்தேன், நடக்கற தூரம்தான் அந்தக் கணக்குக்கு அடி.

குதிரையோட ரெண்டு பக்கமும் தொங்கற மாதிரி தோல் பை, கிட்டத்தட்ட 40 பவுண்ட் கனம். உள்ள வெள்ளைத் துணி உறை, கழட்டிக் கொதிக்க வைக்கலாம். சோப்பு, பிரஷ், கவுன், குழந்தை கண்ணுல விடற சில்வர் நைட்ரேட், தொப்புள்கொடி கட்டற சாமான் எல்லாம் அதுலயே. பிரசவத்தோட முடிஞ்சுடாது. கர்ப்பமா இருக்கும்போதே பதிவு, திரும்பத் திரும்ப வீட்டுக்கே போய்ப் பாக்கறது, குழந்தை பிறந்தப்புறம் பத்து நாளைக்கு வந்து பாக்கறது. அப்படிப் போற வீட்டுலயே டைபாய்டு, டிப்தீரியா, அம்மை ஊசியும் போட்டுடுவாங்க.

காசு கேட்டீங்களே. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 1 டாலர், பிரசவம்னா 5 டாலர். காசு இல்லாதவங்க குதிரைக்குத் தீவனம் கொடுக்கலாம், வேலிக்கு கம்பு வெட்டித் தரலாம், கோழி தரலாம், ஒரு நாள் கூலி வேலை செஞ்சு கழிக்கலாம். எதுவுமே வாங்காம தானமா கொடுத்தா ஜனங்களுக்குத் தலை குனிவுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. மீதிப் பணத்துக்கு ஒவ்வொரு வருஷமும் பெரிய ஊர்களுக்குப் போய் மேடை மேடையா பேசித் திரட்டுனாங்க.

நெல்லை பாண்டி:
ஒரு டாலர் வாங்கறதுல இவ்வளவு விஷயம் இருக்கா. எங்க ஆச்சி பிரசவம் பாத்தவங்களுக்கு ஒரு மரக்கா நெல்லும் சேலையும் கொடுத்ததா சொல்லுவாவ. சும்மா அனுப்ப மாட்டாவளாம்.

பழைய ஏடு:
இழை நல்லா போகுது, ஆனா ஒரு பக்கத்த விட்டுட்டா அது நியாயமாகாது. பிரெக்கின்ரிட்ஜ் அம்மையார் பணம் திரட்டறப்ப அந்த மலை ஜனங்கள கலப்பில்லாத பழைய ஆங்கிலேய ரத்தம்னு சொல்லித்தான் பணக்காரங்ககிட்ட பேசுனாங்க. இந்த ரத்தத்தைக் காப்பாத்துங்கன்னு கேட்டா யார் காசு போடுவாங்க, எதுக்குப் போடுவாங்கன்னு யோசிங்க. அவங்க காலத்துல கறுப்பின நர்ஸ்கள வேலைக்குச் சேத்துக்கல. அவங்க தாத்தா அடிமை முறைக்காகப் போராடின தென்மாநிலப் படையோட தளபதிகள்ல ஒருத்தர். அந்த வீட்டு வளர்ப்பு கடைசி வரைக்கும் அவங்ககிட்ட இருந்துச்சு. 1941ல அலபாமாவுல டஸ்கீகீல கறுப்பின நர்ஸ்களுக்குன்னு தனியா ஒரு மிட்வைஃபரி பள்ளி ஆரம்பிக்க வேண்டி வந்துச்சே, அஞ்சு வருஷத்துல அது மூடியும் போச்சு, அவங்களுக்கு யார் மாலை போடறா? அந்தம்மா காப்பாத்தின உயிர நான் குறைச்சுப் பேசல. யார் உயிர் கணக்குல வந்துச்சு, யார் உயிர் வரலைன்னும் சொல்லிட்டுப் பேசுவோம்.

மருத்துவச்சி பேத்தி:
பழைய ஏடு சார் ஒண்ணு சொன்னார், நான் இன்னொண்ணு சொல்றேன். அந்த 53 கிழவிகள். அவங்களத் தேடிப் போய் பேசினாங்கன்னு அக்கா எழுதியிருக்கீங்க. பேசிட்டு என்ன எழுதினாங்க? அறியாமை, அழுக்கு, மூடநம்பிக்கை, இவங்கள வச்சு ஒண்ணும் ஆகாது, வெளியிலேர்ந்து படிச்ச நர்ஸ் வரணும்னுதான முடிவு பண்ணுனாங்க?

எங்க பாட்டி மருத்துவச்சி. எந்த சாதின்னு நான் சொல்லாமயே எல்லாருக்கும் தெரியும், தாத்தா சவரம், பாட்டி பிரசவம், எங்க ஊர்ல அதுதான் வழக்கம். ஊர்ல பாதிப் பேரைத் தன் கையில ஏந்துனவங்க, ஆனா அந்த வீட்டு நடையைத் தாண்டி உள்ள போகணும்னா பிரசவ நேரத்துல மட்டும்தான். வலி எடுத்தா ஆத்தா வான்னு கூப்பிடுவாங்க, பத்து நாள் கழிச்சு தண்ணி கேட்டா தூக்கி ஊத்துவாங்க. அப்புறம் ஆஸ்பத்திரி வந்துச்சு, நர்ஸ் வந்தாங்க, நல்லதுதான், நானும் ஆஸ்பத்திரியிலதான் பெத்தேன். ஆனா அது வரைக்கும் யாருமே இல்லாத இடத்துல நின்னவங்கள ஒரே வார்த்தையில அழுக்குக் கிழவின்னு தள்ளறது எனக்கு வலிக்குது. கோவிச்சுக்காதீங்க.

கண்ணாடி சிரிஞ்ச்:
கோவமே இல்லம்மா. உங்க பாட்டி மாதிரி ஒருத்தர்கிட்ட நான் வேலை கத்துக்கிட்டிருக்கேன். ட்ரெயினிங் முடிச்சு முதல் போஸ்டிங் ஒரு கிராமத்துல, புத்தகத்துல படிச்சதெல்லாம் தலையில இருக்கு, கை நடுங்குது. கூட வந்த மருத்துவச்சி அம்மா வயித்து மேல கையை வச்சுட்டு குழந்தை இப்படிக் குறுக்க கிடக்குன்னு சொல்லிட்டாங்க, எனக்கு ஸ்டெத் வச்சும் தெரியல. தாய உட்கார வச்சு, நடக்க வச்சு, முதுகை நீவி விட்டு, ஏதாவது பேசிக்கிட்டே இருப்பாங்க. மல்லாக்கப் படுக்க வச்சு முக்கு முக்குன்னு நாங்க கத்துனோம், அவங்க கத்தல.

ஆனா ஒண்ணையும் மறைக்கக் கூடாது. தொப்புள்கொடிய அறுக்க எது கிடைக்குதோ அது, அரிவாளோ பழைய பிளேடோ, அதுக்கு மேல சாம்பலோ சாணியோ. ஏழாம் நாள் எட்டாம் நாள் குழந்தைக்கு வாய் இறுகி பால் குடிக்க முடியாம வில்லு மாதிரி வளைஞ்சு வலிப்பு வந்து கொண்டு வருவாங்க, டெட்டனஸ். லைட் போட்டாலே வலிப்பு வரும்னு இருட்டு ரூம்ல வைப்போம். பெரும்பாலும் தங்காது. அந்தக் குழந்தைங்கள நான் பாத்ததுனால சொல்றேன், அவங்க மேல குத்தம் இல்ல, சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல. அதுதான் குத்தம்.

சப்சென்டர் மகள்:
ரெண்டு பேர் சொன்னதையும் ரெண்டு நாளா மனசுல போட்டு உருட்டிட்டு இருக்கேன், அதான் பதில் போட லேட்.

பழைய ஏடு சார், நீங்க சொன்னதுல எதையும் மறுக்கப் போறதில்ல. பேத்தி தங்கச்சி சொன்னதும் சரி. நான் முதல் போஸ்ட்லயே எழுதியிருக்கணும், அந்தம்மா மேல இருந்த பிரியத்துல விட்டுட்டேன்.

ஆனாலும் அவங்கள விட முடியாம என்னைப் பிடிச்சு வச்சிருக்கறது அவங்க டீச்சர் முகம். எவ்வளவு பெரிய நர்ஸா இருந்தாலும் ஒரு ராத்திரியில ஒரு வீட்டுக்குத்தான் போக முடியும். ஆரம்பத்துல தேவையான நர்ஸ்கள பிரிட்டன்லேர்ந்து கூட்டிட்டு வந்தாங்க, இல்ல அமெரிக்கப் பொண்ணுங்கள பிரிட்டனுக்கு அனுப்பிப் படிக்க வச்சாங்க. 1939ல உலகப் போர் வந்ததும் பிரிட்டிஷ் நர்ஸ்கள்ல நிறைய பேர் எங்க நாட்டுக்கு நாங்க வேணும்னு கிளம்பிட்டாங்க. கடல் தாண்டி அனுப்பவும் முடியாது. அந்த வருஷமே ஹைடன்ல சொந்தமா மிட்வைஃபரி பள்ளி ஆரம்பிச்சாங்க, முதல் பேட்ச் ரெண்டே ரெண்டு பேர்! அந்தப் பள்ளி நிக்காம வளந்து இன்னைக்கு யுனிவர்சிட்டியா இருக்கு. ரெண்டு மாணவிக்காக ஒரு பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு என்ன நம்பிக்கை வேணும்னு ஒரு டியூட்டரா எனக்குத் தெரியும், எங்க ஸ்கூல்ல பத்து சீட் காலியா இருந்தாலே கோர்ஸ மூடலாமான்னு மீட்டிங் போடுவாங்க.

இன்னொண்ணு, கணக்கு எழுதறது. ஒவ்வொரு வீட்டுக்கும் கார்டு, ஒவ்வொரு பிரசவத்துக்கும் பதிவு. டாக்டர் இல்லாத இடத்துல நர்ஸ் எந்த நிலைமையில என்ன செய்யலாம்னு கென்டக்கியில லெக்சிங்டன் ஊர் டாக்டர்கள் கமிட்டி எழுத்துல கொடுத்திருந்த விதிமுறைப் புத்தகம் பையிலயே இருக்கும். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியோட புள்ளியியல் நிபுணர் லூயி டப்ளின் முதல் 1,000 பிரசவத்தோட பதிவ வாங்கி ஆராய்ஞ்சு 1932ல சொன்னார், பிரசவம் நேரடிக் காரணமா ஒரு தாய் கூட சாகல. இதே மாதிரி நாடு பூரா கிடைச்சா வருஷத்துக்கு 10,000 தாய்மார் பிழைப்பாங்கன்னும் சொன்னார். முதல் 30 வருஷத்துல 10,000 பிரசவத்துக்கு 9 பேர் அளவுலதான் தாய் மரணம், அதே காலத்துல நாட்டுக் கணக்கு 34. ரோடு இல்லாத, கரண்ட் இல்லாத மலையில!

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் கை வலிக்க வலிக்க ரெஜிஸ்டர் எழுதற ஒவ்வொரு விஎச்என் (கிராம சுகாதார நர்ஸ்) அம்மாவும் இதக் கேக்கணும். எங்க அம்மா எழுதும்போது நான் பக்கத்துல உட்காந்து சிவப்பு மசியில கோடு போட்டுக் கொடுப்பேன்.

மருதங்கேணி:
அக்கா வணக்கம், நான் வடமராட்சிப் பக்கம். இதை வாசிக்கேக்க எங்கட மிட்வைஃப் மிஸ்தான் ஞாபகத்துக்கு வந்தவா. கென்டக்கியில 1925 எண்டு எழுதினீங்கள், இலங்கையில களுத்துறையில முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கினது 1926ல. கிட்டத்தட்ட ஒரே காலம். அதுக்குப் பிறகு நாடு முழுக்க பொதுச் சுகாதார மருத்துவமாதுக்களைப் பழக்கி ஊர் ஊரா விட்டவை. எங்கட வீட்டுக்கு வாற மிஸ் சைக்கிள்ளதான் வருவா, பெரிய கறுப்புக் குடையும் ஒரு பையும். சண்டைக் காலத்தில நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தனாங்கள், அவவும் தன்ர பிள்ளையளோட இடம்பெயர்ந்து வந்தவா, வந்த அண்டைக்கே கொப்பி ஒண்டை எடுத்துக்கொண்டு ஆர் ஆர் கர்ப்பிணி, எத்தினை மாதம் எண்டு ஒவ்வொரு வகுப்பறையா எழுதிக்கொண்டு போனவா. ஒருத்தரும் அவவைச் செய்யச் சொல்லேல்ல. சம்பளம் எப்ப வரும் எண்டும் தெரியாது. என்ர தம்பி அங்கதான் பிறந்தவன், மேசை ரெண்டை ஒட்டிப் போட்டு.

கண்ணாடி சிரிஞ்ச்:
மேசை ரெண்டை ஒட்டிப் போட்டுன்னு படிச்சதும் கண்ணாடியக் கழட்டி வச்சுட்டேன் தம்பி. அந்த மிஸ் நல்லா இருக்காங்களா?

மருதங்கேணி:
இல்லை அம்மா, மோசம் போயிட்டா. கடைசி வரைக்கும் ஊரில எல்லாரையும் எடையை வைச்சுத்தான் ஞாபகம் வைச்சிருந்தவா. நீ ரெண்டு கிலோ அறுநூறு எண்டுதான் என்ர தம்பியைக் கூப்பிடுவா.

மூணாம் வருஷம்:
மேடம் நான் ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) மூணாவது வருஷம் படிக்கிறேன், இங்க எழுதறது முதல் தடவை. வீட்டுல எல்லாரும் நர்சிங்னா வெளிநாடு போய் சம்பாதிக்கற படிப்புன்னு நினைக்கறாங்க. எனக்கு லேபர் வார்டு போஸ்டிங்தான் பிடிச்சிருக்கு. நம்ம நாட்டுல அந்த மாதிரி தனியா பிரசவம் பாக்கற நர்ஸ் ஆக முடியுமா மேடம்? இல்ல டாக்டர் பின்னாடி ட்ரே பிடிக்கறதுதானா?

சப்சென்டர் மகள்:
கேட்டியே கண்ணு, இதுக்குத்தான் இந்த இழையே. 2018ல மத்திய அரசு மிட்வைஃபரிக்குன்னு வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டாங்க, ஏற்கனவே நர்சிங் முடிச்சவங்களுக்கு 18 மாசம் கூடுதல் பயிற்சி கொடுத்து, சிக்கல் இல்லாத பிரசவத்தத் தன் பொறுப்புல பாக்கற நர்ஸ உருவாக்கறதுக்கு. மேரி 1925ல சொன்னதேதான். இன்னும் எல்லா இடத்துலயும் போதுமான அளவு வரல, ஆனா கதவு தொறந்திருக்கு. முதல்ல ரிஜிஸ்ட்ரேஷன் முடி, ஒரு பிஎச்சியில (ஆரம்ப சுகாதார நிலையம்) கொஞ்ச நாள் பிரசவம் பாரு, பார்ட்டோகிராஃப, அதான் பிரசவம் எப்படிப் போகுதுன்னு அப்பப்ப குறிக்கற சார்ட்ட, உண்மையா போடக் கத்துக்கோ, பிரசவம் முடிஞ்சப்புறம் உட்காந்து இட்டு நிரப்பற பழக்கத்த மட்டும் யார்கிட்டயும் கத்துக்காத. வீட்டுல பேசணும்னா என்னைக் கேளு.

மருத்துவச்சி பேத்தி:
அக்கா நடுவுல ஒண்ணு கேக்கறேன். உங்க அம்மாவப் பத்தி அங்கங்க ஒரு வரி போட்டுட்டுப் போயிடறீங்க. அவங்களப் பத்தி சொல்லுங்களேன். எனக்கு அந்த அமெரிக்க அம்மாவை விட இவங்களத் தெரிஞ்சுக்கத்தான் ஆசையா இருக்கு.

சப்சென்டர் மகள்:
சொல்றேன். உங்ககிட்டதான் சொல்லணும், ஏன்னு கடைசியில தெரியும்.

அம்மாவுக்கு 18 வயசுல கல்யாணம், கல்வராயன் மலை அடிவாரத்துல ஒரு கிராமம். 1971ல முதல் பிள்ளை, எங்க அண்ணன். வீட்டுலதான் பிரசவம், ஊர் மருத்துவச்சி பாத்தாங்க. எட்டாம் நாள் காலைல பால் குடிக்கல. வாய் திறக்கல. கண்ணாடி சிரிஞ்ச் சிஸ்டர் எழுதுனாங்களே, அதேதான். மாட்டு வண்டி கட்டி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள வண்டியிலயே முடிஞ்சுடுச்சு. பேர் கூட வைக்கல. ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு நர்ஸ் பாத்துட்டு, எதால கொடிய அறுத்தீங்கன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்களாம். அந்தக் கேள்விதான் எங்க அம்மாவ மாத்திடுச்சு. எஸ்எஸ்எல்சி படிச்சிருந்தாங்க, மாமனார் மாமியார் கால்ல விழுந்து ஏஎன்எம் (துணை நர்ஸ்) ட்ரெயினிங் போனாங்க. எங்க அப்பா ஊர்ல பேச்சு வாங்கிக்கிட்டு அனுப்பி வச்சார். திரும்பி வந்து மலைக்கு சப்சென்டர் நர்ஸா போஸ்டிங். நாங்க ரெண்டு பேர் அதுக்கு அப்புறம் பிறந்தோம், சப்சென்டர் திண்ணையிலதான் வளந்தோம்.

இப்ப அந்த மருத்துவச்சி பாட்டி. ஊரே அவங்கதான் பிள்ளையக் கொன்னுட்டாங்கன்னு பேசுச்சாம். அம்மா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல. அரசாங்கம் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சின்னு ஒண்ணு நடத்துனாங்க, அவங்கள கூப்பிட்டு வச்சு சொல்லிக் கொடுத்து ஒரு தகரப் பெட்டியில பிளேடு, நூல், சோப்புன்னு கொடுப்பாங்க. அம்மா முதல்ல கூப்பிட்டது அந்தப் பாட்டியத்தான். பாட்டி வரமாட்டேன்னுட்டாங்க, முகத்த எப்படிப் பாப்பேன்னு. அம்மா வீட்டுக்கே போய் திண்ணையில பக்கத்துல உட்காந்து அவங்க கொடுத்த தண்ணிய வாங்கிக் குடிச்சுட்டு, எனக்கு வயித்தத் தொட்டுப் பாக்க நீங்க சொல்லிக் கொடுங்க, உங்களுக்கு நான் பிளேடு கொதிக்க வைக்கறத சொல்லித் தரேன்னு சொன்னாங்களாம். அப்புறம் பதினஞ்சு வருஷத்துக்கு மேல ரெண்டு பேரும் சேந்துதான் பிரசவத்துக்குப் போனாங்க. ராத்திரி மழையில டார்ச் லைட்டோட ரெண்டு பேர் ஒத்தையடிப் பாதையில போறத நான் ஜன்னல்ல நின்னு பாத்திருக்கேன். கர்ப்பிணிக்கு டிடி ஊசின்னா (டெட்டனஸ் தடுப்பூசி) ஜனங்க ஓடி ஒளிவாங்க, அந்தப் பாட்டிதான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க, என் கண்ணு முன்னாடி ஒரு பிள்ளை போயிருக்கு வாடின்னு சொல்லுவாங்க. அம்மா அங்க போனதுலேர்ந்து அந்த மலையில எட்டாம் நாள் சாவு கொஞ்சம் கொஞ்சமா நின்னு போச்சு. 2015ல இந்தியாவுல தாய்க்கும் பச்சைப் பிள்ளைக்கும் வர டெட்டனஸ ஒழிச்சாச்சுன்னு அறிவிச்சப்ப அம்மா ரிட்டயர் ஆகி வீட்டுல இருந்தாங்க. பேப்பர்ல பாத்துட்டு கிழிச்சு எடுத்து மடிச்சு, அந்தப் பழைய ரெஜிஸ்டருக்குள்ள வச்சாங்க. ஒண்ணும் பேசல.

மேரி அந்த 53 பேரையும் விட்டுட்டுப் போயிட்டாங்க. எங்க அம்மா தன்னோட ஒரே ஒருத்தர விடல. பேத்தி தங்கச்சி, நீங்க கேட்ட கேள்விக்கு ரெண்டு நாளா பதில் தேடினேன், அது எங்க வீட்டுலயே இருந்திருக்கு.

நெல்லை பாண்டி:
அக்கா வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. உங்க அம்மாவுக்கு என் வணக்கம். அந்தப் பாட்டிக்கும்.

பழைய ஏடு:
நான் வாதம் பண்ண வந்தவன். இது படிச்சப்புறம் எழுத வரல. அந்த ரெஜிஸ்டர்கள பத்திரமா வையுங்க அம்மா. சர்க்கார் ஆவணமா இருந்தா முடிஞ்ச வரைக்கும் போட்டோவாவது எடுத்து வையுங்க. கென்டக்கிக்காரங்க கணக்கு எழுதி வச்சதுனாலதான் இன்னைக்கு நாம பேசறோம்.

மருத்துவச்சி பேத்தி:
அக்கா அந்தப் பாட்டி இப்ப?

சப்சென்டர் மகள்:
2003லயே தவறிட்டாங்க. அம்மா போய் கடைசி வரைக்கும் பக்கத்துல இருந்தாங்க, ட்ரிப் போட்டு, படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டி, எல்லாம். போன வருஷம் அம்மா போனப்ப மலையிலேர்ந்து வேன் பிடிச்சு ஆளுங்க வந்திருந்தாங்க, அம்மா கையில பிறந்தவங்க, அவங்க பெத்ததுங்கன்னு. குளிப்பாட்டற நேரம் வந்தப்ப சொந்தக்காரங்க எல்லாம் நிக்கறாங்க, அந்தப் பாட்டியோட மக முன்னாடி வந்து, நான் ஊத்தறேன்னு கேட்டாங்க. எங்க அத்தை ஒருத்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தாங்க. எங்க அப்பா ஒரு பார்வைதான் பாத்தார். அவங்கதான் ஊத்துனாங்க.

பழைய ஏடு சார், ரெஜிஸ்டர் எல்லாம் ஒப்படைச்சாச்சு, அம்மா தனக்குன்னு எழுதி வச்ச ஒரு கோடு போட்ட நோட்டு மட்டும் இருக்கு, இந்த ஞாயித்துக்கிழமை போட்டோ எடுத்துடறேன். மூணாம் வருஷம் பொண்ணே, உனக்கு தனியா மெசேஜ் போட்டிருக்கேன் பாரு. நாளைக்கு காலைல எட்டு மணிக்கு எனக்கு மிட்வைஃபரி கிளாஸ், மேரி பிரெக்கின்ரிட்ஜ்தான் எடுக்கப் போறேன். அந்த ஒரு வரிய முழுசா சொல்லப் போறேன், பிரெக்கியையும், அந்தப் பேர் தெரியாத மருத்துவச்சிங்க 53 பேரையும், சேத்துக்காத கறுப்பின நர்ஸ்களையும் சேத்து. பாட நேரம் பத்தாது, ரெண்டு கிளாஸா எடுத்துக்கறேன்.